ஓசூர் எல்லையில் குடும்பங்கள்: பல்கலைக்கழக ஆய்வு மையம் ஏன் தேவை?

ஆண்டுதோறும் மே மாதம் 15-ஆம் நாளை உலகக் குடும்ப நாளாகக் கொண்டாடுகிறோம். 1993-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை இந்நாளை அறிவித்தது. அடுத்து வந்த 1994, பன்னாட்டுக் குடும்ப ஆண்டாகக் கடைப்பிடிக்கப்பட்டது. குடும்பத்தின் மேன்மையைப் பற்றி அன்று நல்ல உரைகள் நிகழ்த்தப்படுகின்றன. நாமும் கேட்டுத் தலையசைக்கிறோம். ஆனால் இரவுப் பணி முடித்து, கம்பெனி பேருந்தில் ஓசூர் விடுதிக்குத் திரும்பும் இருபது வயதுப் பெண்ணின் குடும்பம் இன்று எங்கே இருக்கிறது? அவள் எப்போது மணமுடிப்பாள்? மணமுடித்தபின் அந்த வேலை அவளுக்கு இருக்குமா? அவள் அனுப்பும் பணத்தில் ஊரில் யார் படிக்கிறார்கள்? இவற்றை முறையாகக் கேட்டு, பதிலைப் பதிவுசெய்து, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. அந்தப் பொறுப்பை ஏற்க ஒரு பல்கலைக்கழகத்தில் குடும்பக் கொள்கை ஆய்வு மையம் அமையவேண்டும், அதுவும் கிருஷ்ணகிரி மாவட்டத்தை மையமாக வைத்தே அமையவேண்டும் என்பது எமது கருத்து.

குடும்பக் கொள்கை என்றால் என்ன?

இந்தியாவில் 'குடும்பக் கொள்கை' என்ற பெயரில் தனியான ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் குடும்பத்தைத் தொடும் கொள்கைகள் ஏராளம். பேறுகால விடுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. ரேஷன் அட்டை உணவுத் துறையிடமும், அங்கன்வாடி சமூக நலத் துறையிடமும், கருத்தடை சுகாதாரத் துறையிடமும், முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையிடமும் இருக்கின்றன. பேருந்து கடைசியாக எத்தனை மணிக்கு மலைக்கிராமத்திற்குப் போகிறது என்பதுகூட ஒரு குடும்பக் கொள்கைதான்; அதைப் பொறுத்தே சில வீடுகளில் மகளின் படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்பதா தொடர்வதா என்பது முடிவாகிறது. ஒவ்வொரு துறையும் தன் பங்கைப் பார்க்கிறது. எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே வீட்டின்மேல் விழும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பதே இத்தகைய ஆய்வு மையத்தின் வேலை.

மாறிவரும் எல்லை மாவட்டம்

2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18 லட்சத்து 80 ஆயிரம் பேர் இங்கே வாழ்ந்தனர். ஓசூர் 2019-இல்தான் மாநகராட்சியானது. ஆனால் அதன் தொழில் வரலாறு பழையது. சிப்காட் வளாகம் வந்தது, 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் இயங்கத் தொடங்கின, பின்னர் உதிரிபாகத் தொழிற்கூடங்கள் பெருகின. கடந்த சில ஆண்டுகளாக இன்னொரு அலை வீசுகிறது. 2021 செப்டம்பரில் ஓலா நிறுவனம், போச்சம்பள்ளியில் உள்ள தன் மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுவதும் பெண்களே நடத்துவர் என்றும், 10,000 பெண்களுக்கு அங்கே வேலை என்றும் அறிவித்தது. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கைப்பேசி உதிரிபாகங்கள் செய்ய ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் சேர்க்கப்பட்டனர்; ஜார்க்கண்ட் போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்தும் வந்தனர்.

இங்கே டைட்டன் நிறுவனத்தின் தொடக்க காலத்தைச் சற்று நினைவுகூரவேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கடிகாரம் செய்யப் பழக்கியது அந்த நிறுவனம். பதினேழு, பதினெட்டு வயதில் முதல்முறையாக வீட்டைவிட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களை ஓசூரில் வீடுகளில் தங்கவைத்து, கவனித்துக்கொள்ள 'வளர்ப்புப் பெற்றோரையும்' அமர்த்தியது. தொழிற்சாலை ஒன்று, தன் தொழிலாளிக்குக் குடும்பம் வேண்டும் என்று கருதி, அதற்கு ஒரு மாற்றையும் ஏற்பாடு செய்தது என்பது சாதாரணச் செய்தியல்ல. இன்றைய ஏற்பாடு வேறு. பல்லாயிரம் பேருக்கான அடுக்குமாடி விடுதிகளே இன்றைய வழி. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வளர்ப்புப் பெற்றோர் முறை நல்லதா, விடுதி முறை நல்லதா? பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பிள்ளைகளின் திருமணமும் சேமிப்பும் உடல்நலமும் எப்படி இருந்தன என்பதைப் பின்தொடர்ந்தால்தான் விடை சொல்லமுடியும். அதைப் பின்தொடர்வதற்கான அமைப்பைத்தான் நாம் கேட்கிறோம்.

ஒரு பதிவேடு செய்த வேலை

ஆய்வு என்றதும், 'அறிக்கை எழுதி அலமாரியில் வைப்பார்கள்' என்று பலர் சலித்துக்கொள்வர். சலிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் இதே மண்ணில் நடந்த ஒன்று அதற்கு மாறான சான்று. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது.

பெண் சிசுக்கொலை இம்மாவட்டத்தின் தீராத துயரமாக இருந்த காலம் அது. எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. 1990-களின் நடுவில், பாரதிதாசன் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இந்திய ஆட்சிப்பணி அலுவலர் ஷீலா ராணி சுங்கத்தும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தனர். கிராம சுகாதார செவிலியர்கள் பச்சிளம் குழந்தைகளின் இறப்பைப் பதியும்போது, சில இறப்புகளுக்கு நேரே 'சமூகக் காரணங்கள்' என்று எழுதியிருந்தனர். சிசுக்கொலைக்கு அவர்கள் தந்த நாசூக்கான பெயர் அது. தமிழகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பெண் சிசுக்கள் இப்படி இறந்தன என்ற மதிப்பீடு அந்தப் பதிவேடுகளிலிருந்து வந்தது. எந்தெந்த வட்டாரங்களில் இது குவிந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. அதன்பின் 1998-இல் தருமபுரி மாவட்டத்தில், டென்மார்க் அரசின் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், உள்ளூர்க் கலைஞர்களைக்கொண்டு கிராமம் கிராமமாகக் கலைப்பயணம் நடத்தப்பட்டது. எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பதைப் பதிவேடே காட்டிக்கொடுத்திருந்தது.

1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். அன்றைய மாநில அளவு 942. அடுத்த பத்தாண்டில் நிலைமை கணிசமாகத் தேறியது. தொட்டிலா, கலைப்பயணமா, செவிலியரின் கண்காணிப்பா, எதனால் எவ்வளவு தேறியது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆய்வாளர் ஒருவர் நிரந்தரமாக அங்கேயே இருந்திருந்தால் அந்த வேறுபாடும் குறைந்திருக்கும்.

அன்று கேள்வி, பெண் குழந்தை பிறப்பாளா, பிழைப்பாளா என்பதாக இருந்தது. இன்று அக்கேள்வி வளர்ந்து நிற்கிறது. அஞ்செட்டி, தளி மலைக்கிராமங்களில் பதினெட்டு நிறையாத பெண் பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைப்பது இன்னும் ஓயவில்லை. 2006-இல் வந்த தடைச் சட்டம் இருக்கிறது, அலுவலர்கள் தடுத்து நிறுத்தும் செய்திகளும் வருகின்றன. ஆனால் தடுக்கப்பட்ட திருமணத்திற்குப் பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பினாளா, ஆலை வேலைக்குப் போனாளா, ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் வைத்து மணமுடித்துவிட்டார்களா? ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் ஆயிரக்கணக்கில் வேலை இருக்கும்போது, அந்த வேலை குழந்தைத் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறதா என்பது கொள்கை வகுப்போர் அறிந்தாகவேண்டிய ஒன்று.

'குடும்ப நலம்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி

நம் நாட்டில் குடும்பம் பற்றிய ஆய்வே நடக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது பெரும்பாலும் பிறப்பை எண்ணும் ஆய்வாகவே இருந்தது. மத்திய அரசு 1958 முதல் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் மக்கள்தொகை ஆய்வு மையங்களை நிறுவியது. அவை 18 ஆக வளர்ந்தன. தமிழகத்திற்குரிய மையம் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் உள்ளது. 1964-இல் அங்கே உருவான ஊரக நலம், குடும்ப நல நிறுவனத்தின் வேர், ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த சுகாதார முன்னோடித் திட்டம். வீடு வீடாகச் சென்று, பதிந்து, பிறப்பு விகிதம் குறைவதைக் காட்டிய அந்தத் திட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடைக்குப்பின், 1977-இல் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயர் 'குடும்ப நலம்' என மாற்றப்பட்டது. பெயர் மாறியது, பொருள் மாறவில்லை. இன்றும் நம் ஊர்களில் 'குடும்ப நல ஆபரேஷன்' என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும்.

இப்போது தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தாம் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. பிறப்பைக் குறைக்கும் பணி எப்போதோ முடிந்துவிட்டது. பிறந்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, தனித்துவிடப்பட்ட பாட்டி தாத்தாவை யார் பார்த்துக்கொள்வது என்பதே இன்றைய வினா.

அந்த ஆய்விலேயே ஓசூருக்கு ஒரு சிக்கல் உண்டு. அது வீடுகளைத் தேர்ந்தெடுத்து, முந்தின இரவு அங்கே தங்கியிருந்த 15 முதல் 49 வயதுப் பெண்களைப் பேட்டி காண்கிறது. விடுதி வீடாகாது. ஊரிலுள்ள வீட்டிற்குப் போனால் மகள் அங்கே இல்லை. ஓசூரில் தேடினால் அவள் விடுதியில் இருக்கிறாள். ஆக இரு இடத்திலும் கணக்கில் வராமல் போகிறாள். குடும்பத்தின் வருமானத்தையும் திருமண வயதையும் மாற்றிக்கொண்டிருப்பவளே ஆய்வின் வலையிலிருந்து நழுவிவிடுகிறாள்.

சட்டம் இருக்கிறது, கணக்கு இல்லை

தொழிற்சாலைகளில் பெண்கள் இரவுப் பணி செய்யத் தடைவிதித்த சட்டப் பிரிவை 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. கூடவே பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. 2017-இல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் நடத்தவேண்டும் என்பதும் சட்டமானது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றை ஏற்றுக்கொண்டுள்ளது. நல்லது. ஆனால் பேறுகால விடுப்பின் செலவு கூடும்போது, மணமான பெண்ணையே சேர்க்காமல் விடும் ஆசை சில முதலாளிகளுக்கு வராதா?

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்கள் வேலைக்குச் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்பட்டனர் என்று செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. மத்திய அரசு அறிக்கை கேட்டது, அலுவலர்கள் போய்ப் பார்த்தனர். அங்குள்ள பெண் தொழிலாளரில் சுமார் 8 விழுக்காட்டினர் மணமானவர்கள் என்ற விவரம் வெளிவந்தது. இந்த 8 அதிகமா குறைவா? அருகிலுள்ள ஆலைகளில் எவ்வளவு, விண்ணப்பித்தவர்களில் மணமானவர் எவ்வளவு, மணமானபின் தாமாக விலகியவர் எவ்வளவு என்ற ஒப்பீடு இல்லாமல் ஒற்றை எண்ணை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. சர்ச்சை வெடித்தபின் அலுவலரை அனுப்பி எண்ணுவதற்கும், ஆண்டுதோறும் அமைதியாக எண்ணி வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கிருஷ்ணகிரியில் இப்படி ஒரு கேள்வி எழும்முன்பே எண்ணத் தொடங்குவது நல்லது.

எங்கே அமையலாம்?

பையூரில் மாவுக்கும் சிறுதானியத்துக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மத்திகிரியில் கோழி வளர்ப்புக்குக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள கால்நடைப் பண்ணைக்கு வெள்ளையர் காலத்து வரலாறு உண்டு. மாவுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் கிடைத்த கவனம் மனிதக் குடும்பத்துக்கும் கிடைக்கலாமே!

சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டம் அதன் எல்லைக்குள் வருகிறது. தருமபுரி அருகே பைசுஅள்ளியில் அதற்கு ஒரு முதுநிலை ஆய்வு மையமும் உண்டு. புதிய கட்டடம் தேடவேண்டாம் என்பதால் அதுவே இயல்பான இடம் என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் மட்டும் போதாது. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் தினமும் வேலைக்குப் போய்த் திரும்புவோர் ஏராளம். வாடகை குறைவென்று அங்கிருந்து இங்கே குடிவந்தோரும் உண்டு. காந்திகிராமம் தமிழகத்தைப் பார்க்கும்; பெங்களூரு நாகரபாவியிலுள்ள சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தின் மக்கள்தொகை மையம் கர்நாடகத்தைப் பார்க்கும். உறங்குவது ஒரு மாநிலம், உழைப்பது ஒரு மாநிலம் என்று வாழும் குடும்பத்தை எவர் பார்ப்பது? எனவே இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் கையெழுத்திட்டு இணைந்து நடத்துவதே தகும். களத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது தெரிந்தவர்களும், இப்போது இந்தி, ஒடியா தெரிந்தவர்களும் வேண்டும்.

கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்களுக்கும் இதில் இடமுண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் செய்தியோடு 2023 மே மாதம் வெளியிடப்பட்ட 'உலகளாவிய குடும்ப ஒப்பந்தம்', கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் குடும்பத்தைப் பற்றி ஆயும் மையங்கள் ஒன்றோடொன்று உறவாடவும், அவற்றின் ஆய்வு பங்குத்தள மேய்ப்புப் பணியோடு இணையவும் வேண்டுமென அழைப்புவிடுத்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உரோமையில் குடும்ப ஆய்வுக்கென நிறுவிய கல்வியகம், 2017-இல் மறுசீரமைக்கப்பட்டபோது அதன் பெயரில் 'குடும்ப அறிவியல்கள்' என்ற சொல் சேர்ந்தது. இறையியலோடு சமூகவியலும் பொருளியலும் வேண்டும் என்பதே அதன் பொருள். பெங்களூரில் கிறைஸ்ட் பல்கலைக்கழகமும், 2022-இல் பல்கலைக்கழகமான புனித யோசேப்பு நிறுவனமும் இருக்கின்றன. கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் நிற்பதே ஓசூர் சாலையில்தான்! ஆனால் ஆய்வு எல்லாச் சமயக் குடும்பங்களுக்கும் உரியதாக இருக்கவேண்டும். முடிவை முன்பே எழுதிவைத்துக்கொண்டு ஆதாரம் தேடும் மையம் யாருக்கும் பயன்படாது.

பணம் யாருடையது?

தொடங்குவது எளிது, நிலைப்பது கடினம். மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தில் இயங்கிய குடும்ப ஆய்வுப் பிரிவு, இந்தியக் குடும்பங்களின் சிக்கல்கள் பற்றி 1991-இல் பெருந்தொகுப்பு வெளியிட்டது. அப்பணி பின்னர் குழந்தைகள், குடும்பங்களுக்கான நீதி மையமாக வேறு வடிவம் எடுத்தது. அதே கழகத்தில் 2024 ஜூன் இறுதியில், அறக்கட்டளை நிதியில் பணிபுரிந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர், அலுவலர்களுக்குப் பணிநீக்க அறிவிப்பு தரப்பட்டது. நிதி தொடரும் என்ற உறுதி கிடைத்தபின் இரண்டொரு நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. பல்கலைக்கழக மானியக்குழு 1980-களில் தொடங்கிய மகளிரியல் மையங்களும், நிதி தொடருமா என்ற அச்சத்தை 2017-இல் சந்தித்தன. ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு: அங்குள்ள குடும்ப ஆய்வு நிறுவனம் 1975-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்திலேயே இடம்பெற்று, 1980-இல் செயல்படத் தொடங்கி இன்றுவரை நிற்கிறது. சட்டத்தில் வேர் இருந்ததால் அதை அகற்றுவது எளிதாக இல்லை.

எனவே இரண்டு நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்களாவது பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியில் வேண்டும். ஆலைகள் பணம் தர முன்வரலாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணம் தனித்தனி நிறுவனமாக வராமல், பொது வைப்புநிதியாகச் சேரவேண்டும். தன் ஆலையின் விடுதியைப் பற்றி எழுதப்போகும் ஆய்வாளருக்குத் தானே சம்பளம் தரும் நிலை எவருக்கும் நல்லதல்ல. அதுபோலவே, பேட்டி கொடுக்கும் பெண்ணின் பெயர் ஆலைக்கும் வீட்டுக்கும் போகாது என்ற உறுதி எழுத்தில் இருக்கவேண்டும். இரண்டில் எதற்குப் போனாலும் அடுத்த ஆண்டு யாரும் வாய்திறக்கமாட்டார்கள்.

முதல் ஆண்டிலேயே பெரிய ஆய்வுநூல் வேண்டியதில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, போச்சம்பள்ளி வட்டங்களில் சில நூறு குடும்பங்களைத் தேர்ந்து, விடுதியில் இருப்போரையும் சேர்த்து, அதே குடும்பங்களை ஆண்டுதோறும் சந்தித்தால் போதும். யார் எங்கே தூங்கினார், குழந்தையை யார் பார்த்துக்கொண்டார், யார் யாருக்குப் பணம் அனுப்பினார், வேலையை ஏன் விட்டார் என்று நான்கைந்து எளிய வினாக்கள். 2021-இல் நடந்திருக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இப்போது 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. மாநகராட்சியான ஓசூர் முதன்முறையாக அப்போதுதான் எண்ணப்படும். விடுதிகளின் பட்டியலை வார்டுவாரியாக இப்போதே தயாரித்து, கணக்கெடுப்பு அலுவலரிடம் தரும் பணியை ஓசூர் அரசுக் கல்லூரி மாணவர்களைக்கொண்டே செய்துவிடலாம்.